நால்வர் சேர்ந்து பாடிய முன்னறை

உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். மேடையில் வளர்ந்தவன் தன்னைக் கேட்பவரை நடுவராக அமர்த்தித் தீர்ப்புக் கேட்பதுதான் வழக்கம். இன்று எனக்குத் தீர்ப்பு வேண்டாம். போர்ட் பிளேரின் ஹாடோ கப்பல்துறையில் நின்று நான் ஒரு வாக்குறுதியைச் சத்தமாகச் சொன்னேன். அது ஒரே ஒருவர் காதில் விழுந்தது. அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. சாட்சியில்லாத வாக்குறுதி எவ்வளவு எளிதில் நழுவும் என்பது பேச்சையே தொழிலாகக் கற்றவனுக்குத் தெரியும். ஆகவே அந்த இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். வழக்கு சிறியது. பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி தீவிலேயே இருப்பதா, கப்பலேறுவதா என்பதுதான்.

போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையான இந்தப் பாம்பூஃப்ளாட்டில் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளுக்கு ஆர்கெஸ்ட்ரா, பாலே, ஓபரா ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறீர்கள். இந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று என்னை உங்களுக்கு அறிமுகம் செய்தார்கள். முப்பதைத் தொடாதவனுக்கு அது சற்றுப் பெரிய சட்டை, ஆனாலும் மாட்டிக்கொள்கிறேன். எந்த இசைத்தட்டை எந்த வாரம் போடுவது, எந்தப் படத்தை எப்போது காட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கே பிடிபட்டுவிடும். ஒரு முன்னறையில் எல்லோர் கண்ணும் உங்கள்மேல் விழும் நேரம் ஒன்று வரும். அதைப் பற்றியே சொல்ல வந்தேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தொழிலில் ஆசிரியர் அறை கிடையாது. பள்ளி ஆசிரியருக்கு இடைவேளையில் தேநீர் கிடைக்கும். தலைமையாசிரியரைத் திட்டுவதற்கு ஒரு துணையும் கிடைக்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை. ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறீர்கள், பாடம் முடிக்கிறீர்கள், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறீர்கள். அன்று செய்தது சரிதானா என்று கேட்டுப் பார்க்க மனிதர் இல்லை. மாலையில் நான் படகுத்துறையில் உட்கார்ந்திருப்பேன். எதிரே சாத்தம் துறையிலிருந்து படகு வரும், போகும். அக்கரை மரமில்லில் விளக்குகள் எரியத் தொடங்கும். இறங்குகிறவர்கள் வங்காளத்திலும் தெலுங்கிலும் பேசிக்கொண்டு கடந்துபோவார்கள். தமிழர்கள்கூட, "க்யா சார், கானா ஹோ கயா?" என்று சாப்பாட்டை இந்தியில் விசாரித்த பிறகுதான் தமிழுக்குள் வருவார்கள். நான் மேடையில் கற்ற தமிழுக்கு அங்கே வேலை இல்லை. ஆளில்லாத நேரம் பார்த்து, தண்ணீரையே அவையாக்கி ஒரு முன்னுரையைச் சொல்லிப் பார்ப்பேன். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைவரை எட்டும் குரல் என்று கல்லூரியில் பெயர் வாங்கியவன் நான். கடலுக்குக் கடைசி வரிசை இல்லை.

சுனாமி நிவாரணப் பணிக்கு மொழிபெயர்ப்பாளனாக வந்தவன். பெட்டியில் சட்டைகளைவிடக் பேச்சுப் போட்டிக் கேடயங்கள் அதிகம் இருந்தன. பணி முடிந்ததும் உடன் வந்தவர்கள் மெயின்லேண்டு என்று இங்கே சொல்லும் பெருநிலத்துக்குக் கப்பலேறினார்கள். அங்கே எனக்காகக் காத்திருப்பவர் எவருமில்லை. நான் தங்கிவிட்டேன்.

அந்த நாட்களில் பாம்பூஃப்ளாட்டில் சில தாய்மார்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் விரும்பிய பள்ளி துறைமுகத்துக்கு அக்கரையில் இருந்தது. அலையைக் கண்ணால் பார்த்த பிறகு, படகில் பிள்ளையைத் தனியே ஏற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே கணக்கு ஒரு வீட்டில், அறிவியல் இன்னொரு வீட்டில் என்று தாங்களே சொல்லிக்கொடுத்தார்கள். இதற்கெல்லாம் முன்னின்றவர் புஷ்பம் அக்கா. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். கணவர் சேவியர் அண்ணன் படகு எஞ்சின் மெக்கானிக். ஒரே மகள் அனிட்டா. அலை வந்த காலையில் அக்கா அந்தச் சிறுமியின் கையைப் பிடித்தபடி படகுத்துறையில் நின்றிருந்தார். இருவரும் பிழைத்தார்கள். அதன்பின் அக்கா படகில் கால் வைக்கவே இல்லை. அனிட்டாவும் வைக்கவில்லை. படகு என்றாலே அந்தப் பிள்ளை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்ளும் என்பது தெருவுக்கே தெரிந்த செய்தி.

இந்தப் பாடம் அவர்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு பெட்டியில். கார் நிக்கோபார் தீவில் பணியாற்றிய விமானப்படைக் குடும்பம் ஒன்று அலைக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்திருந்தது. அந்த வீட்டு அம்மையாரும் தம் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்தவர். மாற்றலாகிப் போகும்போது, ஆர்கெஸ்ட்ரா, பாலே, ஓபரா பற்றிய படப் புத்தகங்களையும் தட்டுகளையும் புஷ்பம் அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். "பரீட்ச இல்லாத பாடமா? அப்ப நம்ம பிள்ளையளுக்கு அதான் வேணும்" என்றார் அக்கா. புத்தகத்தின் ஆங்கிலத்தை விளக்க ஆள் தேவைப்பட்டது. துறையில் தண்ணீரோடு பேசிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டார்கள்.

அந்த அம்மையாரின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அவரை நான் பார்த்தது ஒரே ஒரு முறை, சாமான்களுக்கு நடுவே. எனக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "முதல்ல பசங்கள கேட்க விடுங்க. பாட்டு நின்னப்புறமும் கொஞ்ச நேரம் சும்மா இருங்க. உங்கள மாதிரி ஆளுக்கு அது கஷ்டம், தெரியும்." சொல்லிவிட்டுப் பெட்டிக்கு டேப் ஒட்டப் போய்விட்டார். என் பேச்சை அவர் நான்கு வாக்கியத்துக்கு மேல் கேட்டதில்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்று அப்போது கோபம்தான் வந்தது.

முதல் வகுப்பில் அவர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தேன். அனிட்டாவின் வீட்டு முன்னறையில் நான்கு பிள்ளைகள். அனிட்டா; இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, அலைக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த குடும்பத்துப் பெண் தனம் என்ற தனலட்சுமி; அடுத்த வீட்டு வங்காளிப் பையன் பிகாஷ்; அவன் தங்கை மித்தாலி. நான் எழுந்து நின்று, நூறு பேர் சேர்ந்து ஒரே மூச்சாய் இசைப்பதன் மாண்பை விரித்துரைத்தேன். அந்த உரை இன்றும் எனக்கு மனப்பாடம்; நல்ல உரை. முடித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். கரண்ட் போனது. பேட்டரி ஏற்கெனவே செத்தது.

"சார்," என்றாள் அனிட்டா, "ஆர்கெஸ்ட்ரான்னா கோயில் திருவிழாவுக்கு வருவாங்களே, கீபோர்டு, பேட் எல்லாம் வச்சு... அதானே?"

"இல்லை" என்றேன்.

"அப்ப எது சார்?"

இருட்டிய அறையில் என்னிடம் இருந்ததெல்லாம் சொற்கள்.

அடுத்த வகுப்பில் ஒன்றும் சொல்லாமல் தட்டைப் போட்டேன். கச்சேரிக்கு முன் வாத்தியங்கள் சுருதி சேர்க்கும் பகுதி. ஒரு குழல் ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கிறது. மற்றவை ஒவ்வொன்றாக அதனோடு வந்து சேர்கின்றன. பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டார்கள். முடிந்ததும் நானும் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு நீண்ட நேரமாகத் தோன்றியது என்பதை நீங்கள் செய்து பார்த்தால்தான் தெரியும்.

"எல்லாரும் அந்த ஒருத்தரக் கேட்டுத்தான் திருத்திக்கிடுதாங்களா, சார்?" அனிட்டாதான் கேட்டாள்.

"ஆம்."

"அவரு தப்பா ஊதுனா?"

"எல்லோரும் அந்தத் தப்பிலேயே ஒன்றாக இருப்பார்கள். கேட்பவருக்கு நன்றாகத்தான் இருக்கும்."

அவள் தலையாட்டினாள். சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. நல்ல கேள்வி என்று மெச்சிவிட்டு அடுத்ததற்குப் போனேன். பிள்ளைகள் கேட்கும் கேள்வியின் தரத்தை மதிப்பிடுவது பேச்சுப் போட்டி கற்றுத்தந்த பழக்கம். கேட்டது யார், எந்த வீட்டில் இருந்துகொண்டு கேட்டார் என்று பார்க்க அது கற்றுத்தரவில்லை.

பாலே வந்தபோது வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. பிகாஷ் கட்டைவிரல் நுனியில் நிற்க முயன்று தண்ணீர்க் குடத்தின்மேல் விழுந்தான். "ஏ சார், பெரியாஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறதுங்க, நீங்களா?" என்றார் தனத்தின் அம்மா. ஆகவே குதிப்பதை நிறுத்தி, பாலேயின் சைகைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்தக் கலையில் யாரும் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைக் கையால் சொல்வார்கள். நெஞ்சில் கை வைத்தால் அன்பு. தலைக்குமேல் இரு கைகளையும் ஒன்றையொன்று சுற்றினால் ஆடுவோம் வா. ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறு கையின் இரண்டு விரல்களை மேலே உயர்த்தினால் சத்தியம். பிள்ளைகளுக்கு இது தேனாகிவிட்டது. நாள் முழுவதும் அம்மாவின் கண்முன்னேயே இருக்கும் பிள்ளைக்கு, அம்மாவுக்குப் புரியாத ஒரு மொழி எவ்வளவு பெரிய சொத்து என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்துத் தனத்தின் அம்மா என்னை வாசலில் நிறுத்தினார். "நம்ம புள்ளைங்களுக்கு வாய் போயிருச்சாங்க சார்? சோறு வேணுமான்னா கைய சுத்துதுங்க."

அந்த நாட்களில்தான் வழக்கு எழுந்தது. சேவியர் அண்ணன் தூத்துக்குடியில் இருக்கும் தம் அக்காளிடம் பேசி, அங்கே ஒரு விடுதிப் பள்ளியில் அனிட்டாவுக்கு இடம் வாங்கிவிட்டார். அடுத்த கப்பலுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே முன்னறையில் வந்து நின்று அதைச் சொன்னார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுக்கிய. ஆனா பிள்ள வயசுக்கு நாலு பேரு கூடப் படிக்காண்டாமா? ஒரு வெளயாட்டு, ஒரு சண்ட, ஒரு கூட்டுக்காரி வேண்டாமா? எத்தன நாளைக்கு அம்மா முந்தானைக்குள்ளயே?"

"பாத்தியளா சார், பிள்ளைய ராவுல பகல்ல கடல்ல கொண்டு போகப் போறாராம்" என்றார் அக்கா கதவோரத்தில்.

"கப்பல்லதான்டி கொண்டு போறேன். நீந்தியா போகச் சொல்லுதேன்?"

"அது படகப் பாத்தாலே நடுங்குது. உமக்குத் தெரியாதா?"

"நடுங்கட்டும், தானா நின்னுரும். போகப் போக சரியாயிரும். என்ன பிள்ள?"

அனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவின் சேலை நுனி அவள் கையில் இருந்தது. எனக்கு அதுவே போதுமான சான்றாகப் பட்டது. அன்று நான் வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா வந்து, "அவரு என் பேச்சக் கேக்க மாட்டாரு சார். நீங்க பேசுனா கேப்பாரு. நாலு பேரு முன்னால நீங்க எந்திரிச்சு நின்னா அவரு ஒடுங்கிப் போவாரு. பேசுவியளா?" என்றார்.

பேசுகிறேன் என்றேன். உங்களிடம் ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை: எனக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது. ஆண்டுக்கணக்காகத் தண்ணீரைத் தவிர வேறு அவை கிடைக்காதவனுக்கு ஒரு பொருள் கிடைத்தது, எதிரணி கிடைத்தது. இன்னொன்றும் உண்டு. இந்தத் தீவில் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு மறுநாள் ஒரு கேள்வியோடு வருபவள் அனிட்டா ஒருத்திதான். அவள் போனால் என் மாலைகள் இன்னும் நீளும். துறையில் உட்கார்ந்து உரையைக் கட்டினேன். முதற்பகுதி தாயின் அச்சம், இடையில் தந்தையின் அவசரம், முடிவில் குழந்தையின் நடுக்கம். ஒவ்வொரு பகுதியும் முந்தையதைவிடக் கனமாக அமைந்தது.

அதற்குள் வகுப்பில் ஓபரா தொடங்கியிருந்தது. ஒரு தட்டில் ஒரு காட்சி: ஒரே அறையில் நான்கு பேர், நால்வரும் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். ஒருவருக்குக் கோபம், ஒருவருக்கு அழுகை, ஒருவருக்குக் கேலி, ஒருவருக்குக் காதல்.

பிகாஷுக்கு அது பொறுக்கவில்லை. "ஸப் ஏக் ஸாத் காத்தா ஹை, சார்! சண்ட போட்டா ஒருத்தர் பேசணும், அப்புறம் தூஸ்ரா. ஆப்பீ தோ போலா!" எல்லோரும் ஒன்றாகப் பாடினால் எப்படி, ஒருவர் முடித்த பிறகல்லவா மற்றவர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்பது அவன் முறையீடு. நியாயமான மாணவன். மேடையின் முதல் விதியை அவனுக்குக் கற்பித்தவன் நான்தான்.

"எங்கூட்டுல தெனம் இப்பிடித்தாங்க சார்," என்றாள் தனம். "எங்கப்பா, எங்கம்மா, சித்தப்பா, டிவி. நாலும் ஒண்ணாத்தான் பாடும். எனக்கு எல்லாமே கேக்கும்."

"எங்க வீட்டுலயும் கேக்கும்" என்றாள் அனிட்டா.

இரண்டு நாளில் அவர்களே ஒரு ஓபராவை உருவாக்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண் கப்பலேறுவதா வேண்டாமா என்பது கதை. பிகாஷ் அப்பா, தனம் அம்மா, அனிட்டா மகள். மித்தாலி கப்பல், ஒரு பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து ஊதுவாள். யாருடைய வீட்டுக் கதை என்று கேட்கத் தேவையில்லை. தடுத்திருக்கலாம், அது பெற்றோரின் சண்டையை ஊருக்குக் காட்டுவதாகும் என்று சொல்லியிருக்கலாம். நான் அனுமதித்தேன். கப்பல் புறப்படும் வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் கூடும்போது பிள்ளைகள் பாடட்டும். அப்பாவின் மனம் சற்று இளகட்டும். அந்த இளகிய இடத்தில் என் உரையை இறக்கலாம் என்பது என் கணக்கு.

ஒத்திகையில் மற்ற மூவரும் வார்த்தையோடு பாடினார்கள். அனிட்டா மட்டும் "லா லா" என்று மெட்டை முனகினாள். வார்த்தை எங்கே என்றால், "அன்னைக்கு வரும் சார்" என்பாள். ஞாயிறு மதியம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள்.

"சார், நான் பாடி முடிச்சப்புறம் நீங்க எந்திரிச்சுப் பேசக்கூடாது."

"ஏன்?"

"பேசக்கூடாது. சத்தியம்?" ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறு கையின் இரண்டு விரலை உயர்த்தினாள். தன் பாட்டே கடைசியாக இருக்க வேண்டும் என்ற மேடை ஆசை என்று நினைத்தேன். அந்த ஆசையை என்னைவிட அறிந்தவர் யார்? "பார்ப்போம், பார்ப்போம்" என்று சிரித்தேன். அவள் கை சிறிது நேரம் மேலேயே நின்றது. பிறகு இறங்கியது.

முன்னறை நிறைந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள். நால்வரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். மித்தாலியின் குழாய் அலற, பிகாஷ் இடுப்பில் கை வைத்து, "டிக்கெட் போட்டாச்சு, சாமான் கட்டு, ஜல்தி ஜல்தி" என்று கோயில் பாட்டு மெட்டில் உறுமினான். தனம் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, "தண்ணி வேணாம், தண்ணி வேணாம்" என்று அதற்குக் குறுக்கே இழுத்தாள்.

"ஏலே, நான் இப்பிடியா கத்துதேன்?" என்றார் சேவியர் அண்ணன் சிரிப்போடு.

"இதுல பாதிதான்!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. அக்காவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குள் அனிட்டாவின் "லா லா" யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அது அவர்களாகவே செய்த ஏற்பாடு, எனக்குச் சொல்லவில்லை. கப்பல் நின்றது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஓய்ந்தார். அம்மா தரையில் உட்கார்ந்தாள். அனிட்டாவின் குரல் மட்டும், அதே மெட்டில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதில் வார்த்தை இருந்தது.

"எனக்குத் தண்ணின்னா பயமில்ல. எப்பவும் இல்ல. அம்மா தனியா பயப்படக்கூடாதுன்னு நானும் பயந்தேன். நான் கப்பல்ல போறேன். போயிட்டு வந்து சொல்றேன்."

இரண்டு முறை பாடினாள். நிறுத்தினாள்.

சேவியர் அண்ணன் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். வென்றவரின் முகம் இப்படி இருக்கும் என்று நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. "அப்ப... நெசமாவே போயிருவியா பிள்ள?" என்றார். மனைவி எப்படியும் தடுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை நாள் கத்தியிருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது.

அக்கா என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் அறையே என்னைப் பார்த்தது.

இளம் நண்பர்களே, உங்களை நிறுத்திப்பார்க்க விரும்பிய இடம் இதுதான். என் உரையின் மூன்றாம் பகுதி, குழந்தையின் நடுக்கம், இடிந்துவிட்டது உண்மை. ஆனால் பயிற்சி பெற்றவனுக்கு அது பெரிய சேதம் இல்லை. எந்த அணிக்காகவும் வாதாடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் எனக்கு. பதினொரு வயதில் சொல்வதைச் சான்றாகக் கொள்ளலாமா என்று ஒரு கேள்வி போதும். அம்மாவுக்காகப் பயத்தையே நடித்த பிள்ளை, அப்பாவுக்காகத் துணிச்சலை நடிக்காதா என்று இன்னொரு கேள்வி போட்டால் முடிந்தது. இரண்டும் நாக்கின் நுனியில் வந்து நின்றன. சேவியர் அண்ணன் ஏற்கெனவே பாதி தளர்ந்திருந்தார். நான் எழுந்திருந்தால் அனிட்டா அந்தக் கப்பலில் போயிருக்க மாட்டாள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அனிட்டா என்னைப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்த இடத்திலேயே, கையைத் தொங்கவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பாட்டு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள் என்று ஒருவர் சாமான்களுக்கு நடுவே சொன்னது அப்போதுதான் எனக்கு எட்டியது. அவள் இன்னும் முடிக்கவில்லை. அந்த மௌனமும் அவளுடைய முறை.

உட்கார்ந்தேன்.

"என்ன சார்?" என்றார் சேவியர் அண்ணன். கேலியாக்கப் பார்த்தார். "மெயின்லேண்டுல கப்பு கப்பா வாங்குன ஆளு. ஏதாச்சும் சொல்லுங்க."

"இன்று என் முறை இல்லைங்க, அண்ணே."

அக்கா எழுந்து வந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "உங்கள நம்புனேன் சார்" என்றார். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னோடு அவர் பேசிய கடைசிச் சொற்கள் அவை.

நான் செய்தது சரியா? தெரியாது. முன்பே சொன்னேனே, கேட்டுப் பார்க்க ஆசிரியர் அறை இல்லை. அந்த வீட்டில் எனக்குப் பாடம் நின்றது. மற்ற மூவரோடு தனத்தின் வீட்டுக்கு மாறினேன். இப்போது அவர்களும் காலையில் படகேறி அக்கரைப் பள்ளிக்குப் போகிறார்கள். மாலையில் துறையில் இறங்கும்போது என்னைப் பார்த்தால் தலைக்குமேல் கையைச் சுற்றிக் காட்டிவிட்டுப் போவார்கள். ஆகவேதான் நான் ஓய்வு பெற்றவன். உங்களிடம் வருவது அடுத்த வரிசைப் பிள்ளைகள்.

கப்பல் நாளன்று அனிட்டா முதன்முறையாகப் பாம்பூஃப்ளாட் படகில் கால் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி, கரையில் நின்ற அம்மாவுக்குக் கையை நீட்டினாள். அக்கா வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்தார். படகுக்காரர், "தீதி, ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினார். அக்கா ஏறினார். நடு இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். வழி நெடுக அனிட்டா சொல்லிக்கொண்டே வந்தாள்: "இப்ப பாதி வந்தாச்சும்மா. இப்ப மில்லு தெரியுது. இப்ப கயிறு போடுறாங்கம்மா." நான் பின்னால் நின்றிருந்தேன். என்னை அழைத்தவர் இல்லை. வர வேண்டாம் என்றவரும் இல்லை.

ஹாடோவில் அப்பாவும் மகளும் கப்பலேறினார்கள். வழியனுப்ப வந்தவர்களை ஒரு கயிற்றுக்கு இப்பால் நிறுத்திவிட்டார்கள். அக்கா ஒரு முனையில், நான் மறு முனையில். கப்பல் துறையை விட்டு நகர்ந்தபோது அனிட்டா மேல்தளக் கம்பியருகே வந்தாள். அம்மாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். அக்காவுக்கு அந்தச் சைகை தெரியாது. ஆனால் அவர் கையும் நெஞ்சுக்குப் போனது. பிறகு அனிட்டா கூட்டத்தில் என்னைத் தேடினாள். ஒரு கை நெஞ்சில். மறு கையின் இரண்டு விரல்கள் மேலே.

முன்பு ஒருமுறை அந்தக் கை காத்திருந்து இறங்கியதை நான் மறக்கவில்லை. நானும் கையை நெஞ்சில் வைத்து இரு விரலை உயர்த்தினேன். கடைசி வரிசைவரை எட்டும் என்று பெயர் வாங்கிய குரலைத் திரட்டிச் சொல்லத் தொடங்கினேன். கப்பல் ஊதியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஊதி ஓயும்வரை பொறுத்திருந்தேன். அதற்குள் கப்பல் திரும்பிவிட்டது. கம்பியருகே நிற்பவர்களில் அவள் யார் என்று தெரியவில்லை. கூட்டமும் கலைந்தது. கயிற்றின் மறு முனையில் புஷ்பம் அக்கா மட்டும் நின்றிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, போகவும் இல்லை. விரல்களை இறக்காமல், அந்த வெற்றுத் தண்ணீரைப் பார்த்து, சத்தமாகச் சொன்னேன்:

"எந்தப் பிள்ளைக்காகவும் அந்தப் பிள்ளையைக் கேட்காமல் இனி எழுந்து பேச மாட்டேன். கேட்ட பிறகும், அது சொல்லி முடித்து மூச்சு வாங்கும்வரை உட்கார்ந்திருப்பேன். சத்தியம்."